நார்த் போர்ட்டுக்கு எத்தனை டிக்கெட்

ஆல்ஃபரெட்டா
22.12.2024, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது. முட்டிவலிதான் குளிரில் கொஞ்சம் கூடுதல். உன் நலமும் மருமகள் நலமும் அறிய ஆவல். போனில் கூப்பிட்டால் இரண்டு நிமிஷத்தில் "சரிப்பா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், பரவாயில்லை, மெதுவாகப் படி. வேளைக்குச் சாப்பிடு.

நம் அட்லாண்டா பிரேவ்ஸ் பேஸ்பால் அணியை விட்டு, பந்து எறியும் பிட்சர் மாக்ஸ் ஃப்ரீட் போய்விட்டது உனக்குத் தெரிந்திருக்கும். நியூயார்க் யாங்கீஸ் எட்டு வருஷத்துக்கு 21 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்து எடுத்துக்கொண்டார்கள். நம் ஆட்கள் சம்பிரதாயத்துக்கு ஒரு வருஷம், 2 கோடியே 10 லட்சத்துச் சொச்சம் என்று குவாலிஃபையிங் ஆஃபர் கொடுத்துவைத்தார்கள். அவர் வேண்டாம் என்றதும் பதிலுக்கு, புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஒரு இடம் கிடைக்கும், அவ்வளவுதான். ஏழெட்டு வருஷம் நம் பந்தை எறிந்த கைக்கு, இன்னும் பெயர்கூடத் தெரியாத ஒரு பையன் ஈடு. கேட்சர் டார்னோவை அதற்கு முன்பே விட்டாயிற்று, ஏஞ்சல்ஸ் எடுத்துக்கொண்டார்கள். சார்லி மார்ட்டன் இன்னும் எங்கும் சேரவில்லை. ஆனால் இங்கே திரும்பி வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை. உள்ளே சொல்லும்படி யாரும் வந்தபாடில்லை. தினமும் காலையில் காப்பியோடு போனைத் திறந்து பார்க்கிறேன், ஒன்றுமில்லை. மற்ற ஊர்க்காரர்கள் சந்தையில் கூடை கூடையாக வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

2021 நவம்பர் 2, நாம் கோப்பை ஜெயித்த வேர்ல்ட் சீரீஸ், ஹூஸ்டனில் கடைசி ஆட்டம். நாம் மூவரும் சோபாவில், அம்மா பூஜை அறை வாசலில். ஃப்ரீட் முதல் இன்னிங்ஸிலேயே கணுக்காலில் மிதி வாங்கியும் ஆறு இன்னிங்ஸ் ஒரு ரன்னும் கொடுக்கவில்லை. கடைசிப் பந்தை எறிந்தது வில் ஸ்மித். அதை எடுத்து முதல் பேஸுக்கு வீசியது ஸ்வான்சன். பிடித்தது ஃப்ரீமன். பிடித்த பந்தை அவர் பின்பாக்கெட்டில் சொருகியதை நீதான் எனக்குக் காட்டினாய். இந்த நால்வரில் ஒருவர்கூட இப்போது அட்லாண்டாவில் இல்லை. ஸ்மித்தை அடுத்த ஆகஸ்டிலேயே மாற்றினார்கள். மாரியட்டாவில் பள்ளிக்கூடம் படித்த உள்ளூர்ப் பையன் ஸ்வான்சன் அந்த டிசம்பரில் சிகாகோ போனார். இப்போது ஃப்ரீடும்.

ஃப்ரீமன் போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பன்னிரண்டு சீசன் இங்கே ஆடியவர். கோப்பையைக் கொடுத்த ஒரே மாதத்தில், அணி முதலாளிகள் ஆட்டக்காரர்களுக்குக் கதவடைக்கும் லாக்அவுட் வந்தது. 99 நாள் அணிக்காரர்களும் ஆட்டக்காரர்களும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளக் கூடாது என்று விதி. கதவு திறந்த நாலாம் நாள் ஓல்சனைக் கொண்டுவந்து அவர் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். அவரும் நம் பக்கத்து லில்பர்ன்காரர்தான். போன வருஷம் 54 ஹோம் ரன் அடித்தார், பிரேவ்ஸ் சரித்திரத்தில் யாரும் அவ்வளவு அடித்ததில்லை. குறை சொன்னால் வாய் அழுகும். ஆனால் இருக்கிற பிள்ளையிடம் "இருடா" என்று சொல்லியிருக்க வேண்டாமா? ஃப்ரீமன் ஆறு வருஷ ஒப்பந்தம் கேட்டார், இவர்கள் ஐந்தோடு நின்றார்கள் என்றுதான் அப்போது பேச்சு. நடுவில் ஏஜென்ட், அவர் சொன்னது இவர்களுக்கு எப்படிக் கேட்டதோ, இவர்கள் சொன்னது ஃப்ரீமனுக்கு எப்படிப் போனதோ. அணியின் பொது மேலாளர் ஆந்தோபுலஸ் பேட்டியில் கண் கலங்கினார். ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் சட்டையோடு நம் மைதானத்துக்கு வந்த ஃப்ரீமன், மைக் முன்னால் குழந்தை மாதிரி அழுதார். இரண்டு பக்கமும் அழுதார்கள், ஆனால் ஆள் போய்விட்டார்.

இந்த அக்டோபர் 25 ராத்திரி நீ பார்த்தாய்தானே? உன் ஊர் மைதானம். பத்தாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், மூன்று பேஸிலும் ஆள். கணுக்கால் சுளுக்கோடு ஃப்ரீமன் முதல் பந்தையே தூக்கினார். வேர்ல்ட் சீரீஸில் ஆட்டத்தை முடித்துவைத்த முதல் கிராண்ட் ஸ்லாம், ஒரே அடியில் நாலு ரன். சுற்றி வந்ததும் நேரே ஓடியது வலைக்குப் பின்னால் நின்ற அப்பாவிடம். சின்ன வயசில் அம்மா இறந்துபோன அந்தப் பிள்ளைக்கு, அவர்தான் பந்து போட்டுப் போட்டுப் பழக்கியவர். நான் அந்த நிமிஷமே உனக்கு போன் போட்டேன். இங்கே நள்ளிரவு நெருங்கிவிட்டது, உனக்கு ஒன்பதுகூட ஆகவில்லை. நீ எடுக்கவில்லை. காலையில் ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

தீபாவளிப் பார்சலும் அப்படித்தான். போன வருஷம் போய்ச் சேர்ந்த அன்றே மருமகள் முறுக்கைத் தட்டில் அடுக்கிப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். இந்த வருஷம் சேர்ந்துவிட்டது என்று கூரியர்க்காரன்தான் சொன்னான். அம்மா கேட்டால் "பிஸிம்மா" என்கிறாய். போன மாதம் வீடியோவில் உனக்குப் பின்னால் இருந்த சுவரில் வீணை இல்லை. ரிப்பேருக்குக் கொடுத்திருப்பீர்கள் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். தாடியை எடு. வேளைக்குச் சாப்பிடு.

எனக்குப் பந்து போடத் தெரியாது. உன் லிட்டில் லீக் ஆட்டங்களில் பாதியை காருக்குள் லேப்டாப்போடு உட்கார்ந்து கழித்தேன். எச்-1பி விசா நாட்கள், கம்பெனியை விட்டால் நாட்டை விட வேண்டும். பன்னிரண்டு வயசில் நீ எனக்கு விளக்கினாயே, ஆறு வருஷம் சர்வீஸ் முடித்தால்தான் ஃப்ரீ ஏஜென்ட், விரும்பிய அணிக்குப் போகலாம், அதுவரை அணி சொன்ன இடத்தில் ஆட வேண்டும் என்று. அந்தக் காலத்தில் அதுவும் கிடையாது, ஆயுசு முழுக்க ஒரே அணிக்கு அடிமை, கர்ட் ஃப்ளட் என்றொருவர் உச்ச நீதிமன்றம் வரை போய் 1972ல் தோற்றார் என்று. கிரீன் கார்டுக்குக் காத்திருந்த எனக்கு அது ஒரே தடவையில் புரிந்தது. நீ ஆட்டக் கணக்கு எழுதிய பச்சை நோட்டு என் பீரோவில்தான் இருக்கிறது. அவ்வளவு அழகான கையெழுத்து உனக்கு. அதைக் கம்பெனியில் யார் பார்க்கப் போகிறார்கள்.

தம்பி, ஒன்று சொல்ல வேண்டும். இதை மூன்று வருஷமாகத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

2022 மார்ச்சில், ஃப்ரீமன் கையெழுத்துப் போட்ட அதே வாரம், நீ சமையலறையில் வந்து நின்றாய். லாஸ் ஏஞ்சல்ஸ் வேலை ஒன்று, இங்கேயே சம்பளம் குறைந்த வேலை ஒன்று. "நீங்க என்னப்பா சொல்றீங்க?" என்று கேட்டாய். "உன் இஷ்டம்" என்றேன். நீ கொஞ்ச நேரம் நின்றாய். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மாடிக்குப் போனாய். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

எனக்கு நீ இங்கே இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. நெஞ்சு முழுக்க அதுதான் இருந்தது. மதுரை ஸ்டேஷனில் உன் தாத்தா என் கையைப் பிடித்து "போகாதேடா" என்றது உனக்குத் தெரியும், அதற்கப்புறம் நடந்ததும் தெரியும். அந்தக் கையை உதறிய பாரத்தை உனக்கு வைக்கக் கூடாது என்று நினைத்தேன். உனக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. அப்பாவுக்கு நான் இங்கே வேண்டாம் என்று கேட்டிருக்கும். நான் செய்தது தப்பு. இரு என்று சொல்லியிருக்க வேண்டும், அதற்குப் பிறகும் நீ போயிருந்தால் போயிருப்பாய்.

நீ என் பிள்ளை. அதே வார்த்தை உன் வாயிலும் வரும். வீட்டில் யாராவது உன் முன்னால் வந்து நின்று கேட்டால், "உன் இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிடாதே. கேட்காமல் நின்றாலும் சொல்லிவிடாதே. நான் வேறெதுவும் கேட்கவில்லை.

நம் கிரிஸ் சேல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியது எனக்கு ரொம்பச் சந்தோஷம். பாஸ்டனில் வருஷத்துக்கு ஒரு காயம், இனி அவ்வளவுதான் என்றார்கள். இங்கே வந்து 18 ஜெயம், 225 ஸ்ட்ரைக்அவுட், 35 வயசில். அக்கூனாவுக்கு முழங்கால் தேறிக்கொண்டிருக்கிறது. ஸ்ட்ரைடரும் முழங்கை ஆபரேஷன் முடிந்து வர வேண்டும். அவர்கள் வந்துவிட்டால் ஃப்ரீட் இல்லாமலும் சமாளிக்கலாம்.

பிப்ரவரியில் பிட்சர்கள் பயிற்சி முகாமுக்கு ஃப்ளோரிடா போய்விடுவார்கள். டிஸ்னி பக்கம் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு தடவை போனோமே, இப்போது முகாம் நார்த் போர்ட்டில். மார்ச்சில் ஒரு சனி ஞாயிறு போகலாம் என்று அம்மாவே சொல்கிறாள், முட்டிவலியோடு. அறை எடுக்க வேண்டும், மைதானத்தில் நிழல் பக்கமாக டிக்கெட் எடுக்க வேண்டும். மூன்றா நான்கா என்று சொல். எதுவானாலும் சரி, வா. பொங்கலுக்குள் சொல்லிவிட்டால் நல்லது. போனில் சொன்னாலும் போதும், ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா

அம்மா பருப்புப்பொடி அனுப்பச் சொன்னாள். இரண்டு பாட்டில் வைத்திருக்கிறேன்.