‘சரிங்க’ சொல்லும் முன்: அம்மிணிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அம்மிணிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். போன வாரம் ராத்திரி ஹாஸ்டல் மொட்டைமாடியிலிருந்து கூப்பிட்டாயே, அன்றைக்கு நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "ஆபீஸ்ல எல்லாரும் நல்லா பேசறாங்க பெரியப்பா, எனக்குத்தான் வாயே வரமாட்டேங்குது. ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் சேர்ந்துக்கட்டுங்களா?" என்றாய். சேர்ந்துக்க கண்ணு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்புறம் வெகுநேரம் தூக்கம் வரவில்லை. 25 வருடம் திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்கும் நம்ம ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று ஆர்டரை முடித்துக் கொடுக்கும் வேலை பார்த்தவன், அதே வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைக்கு இவ்வளவுதான் சொல்வதா என்றிருந்தது.

இதைப் பேர் போடாமல் பொதுவில் எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "சரிங்க பெரியப்பா" என்றாய். நிஜமாகவே சரியா, இல்லை பெரியவர் கேட்கிறாரே என்று சொன்னதா என்று இன்னொரு முறை கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க" என்றாய். கேட்டுவிட்டேன், உங்கப்பனும் எழுதச் சொன்னான். நான் சொல்ல வருவதும் இந்த இரண்டாவது முறை கேட்பதைப் பற்றித்தான்.

இங்கிலீஷ் கிளாஸுக்குப் போ, நல்லது. ஆனால் சரக்கு வாங்கும் உன் பையர் ஜெர்மனிக்காரரோ டென்மார்க்காரரோ என்றால் அவருக்கும் அது படித்து வந்த பாஷைதான். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினால் அவருக்கும் நிம்மதி. திருப்பூரில் நான் பார்த்த நஷ்டங்களில் இங்கிலீஷ் தெரியாமல் வந்தது கொஞ்சம். தமிழில், நமக்குள்ளேயே பேசி, ‘சரிங்க’ என்று முடித்ததால் வந்ததுதான் அதிகம்.

நம்ம பக்கத்தில் அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை அர்த்தம் இருக்கிறது என்று யோசித்துப் பார். காதில் விழுந்தது என்றாலும் சரிங்க. புரிந்தது, ஒப்புக்கொள்கிறேன், செய்துவிடுகிறேன், எல்லாமே சரிங்க. எனக்கு இதில் இஷ்டமில்லை, ஆனால் உங்கள் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது என்பதும் சரிங்கதான். சொல்கிறவர் ஒன்றை நினைத்துச் சொல்வார், கேட்கிறவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார். மரியாதை கெடவில்லை என்று இரண்டு பேரும் நிம்மதியாகப் போவார்கள். ‘ங்க’ போட்டுப் பேசுவது நமக்குப் பெருமை, அதை நீ எங்கே போனாலும் விட்டுவிடாதே. அந்த ‘ங்க’வுக்குப் பின்னால் சந்தேகத்தை ஒளித்து வைக்காதே என்றுதான் சொல்கிறேன்.

2004இல் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ரவுண்ட் நெக் டி சர்ட், 3,200 பீஸ், நெஞ்சில் ஒரு பிரிண்ட். கழுத்திலிருந்து 3 இஞ்ச் கீழே பிரிண்ட் ஆரம்பிக்க வேண்டும் என்பது பையர் கொடுத்த அளவு. பிரிண்டிங் யூனிட்டுக்குப் போன் போட்டு, "கழுத்துல இருந்து மூணு இஞ்ச்ங்க" என்றேன். அந்தப் பக்கம் மிஷின் சத்தம். பிரிண்டிங் மாஸ்டர் என்னமோ கேட்டார், ‘வெட்டு’ என்று ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது. எனக்கு வாசலில் வண்டி நின்றது. "சரிங்க, சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"வெட்டுல இருந்துங்களா, ரிப் மேல இருந்துங்களா?" என்பதுதான் அவர் கேட்டது. இது எவ்வளவு முக்கியமான கேள்வி என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். பிரிண்ட் போடும்போது அது சட்டையே இல்லை, கட்டிங்கில் வெட்டி வந்த முன்பக்கத் துண்டு. கழுத்தைச் சுற்றித் தைக்கும் ரிப் பட்டை இன்னும் ஏறவில்லை. அவர் வெட்டு ஓரத்திலிருந்து 3 இஞ்ச் அளந்து போட்டார். தையலில் கால் இஞ்ச் உள்ளே போயிற்று, மேலே முக்கால் இஞ்ச் ரிப் ஏறியது. பையர் ரிப் மேல் ஓரத்தில் டேப் வைத்து அளந்தால் மூன்றரை இஞ்ச். கால் இஞ்ச் வரைக்கும்தான் பொறுத்துக்கொள்வார்கள், இது அரை இஞ்ச். போட்ட பிரிண்டைக் கழற்ற முடியுமா? மொத்தத்தையும் விலை குறைத்துத்தான் கொடுக்க வேண்டியதாயிற்று. முதலாளி திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும், திட்டவில்லை. அந்த மாஸ்டர் மட்டும், "நான் கேட்டனுங்களே" என்றார். அவ்வளவுதான். இன்றைக்கும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

பல வருடம் கழித்துத்தான் டெனரீஃப் விமான விபத்தைப் பற்றிப் படித்தேன். 1977 மார்ச் 27. ஸ்பெயினின் கேனரி தீவுகளில் ஒரு விமான நிலையம், ஓடுபாதை முழுக்க மூடுபனி. கே.எல்.எம். விமானமும் பான் ஆம் விமானமும் ஒரே ஓடுபாதையில் இருக்கின்றன, இரண்டும் ஜம்போ 747. புறப்படலாம் என்ற அனுமதி வருவதற்கு முன்பே கே.எல்.எம். கேப்டன் வண்டியைக் கிளப்பிவிட்டார். துணை விமானி ரேடியோவில் சொன்னதை, கிளம்பத் தயாராக நிற்கிறோம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், கிளம்பிவிட்டோம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். விமானங்களுக்கு அனுமதி கொடுக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் "ஓகே" என்றார். அதற்கடுத்து, பொறுங்கள், நான் கூப்பிடுகிறேன் என்றும் சொன்னார். அதே நொடியில் பான் ஆம்காரர்களும் பேசியதால் ரேடியோவில் கீச்சென்ற சத்தம் வந்து, கே.எல்.எம். காதில் அந்த ஓகே மட்டும்தான் தெளிவாக விழுந்தது. இரண்டு விமானமும் மோதியதில் 583 பேர் செத்துப்போனார்கள்.

இதில் என்னைத் தூங்கவிடாத இடம் வேறு. கே.எல்.எம். விமானத்திலேயே இருந்த ஃப்ளைட் இன்ஜினியருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அந்தப் பான் ஆம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையா என்று கேட்டும் இருக்கிறார். கேப்டன் அதெல்லாம் விலகியாச்சு என்று அடித்துச் சொன்னதும் அதற்குமேல் கேட்கவில்லை. கேப்டன் அந்தக் கம்பெனியிலேயே பெரிய ஆள். நம்ம வீடுகளில் அப்பாவிடம், நம்ம ஆபீசில் ஜி.எம்.மிடம் நாம் நிறுத்திக்கொள்கிற அதே இடம். அதன்பிறகு விமானப் பேச்சையே இறுக்கமாக மாற்றினார்கள். புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லையே கோபுரம் பயன்படுத்தக் கூடாது, விமானி வெறும் ஓகே சொல்லாமல் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அப்போது உறுதியானவை.

திருப்பிச் சொல்வது நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. சின்ன வயசில் எங்க அப்பாரு கையைப் பிடித்துக்கொண்டு ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறேன். துண்டுக்கு அடியில் தரகரும் அவரும் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. தரகர் பிடித்துவிட்டுக் கையை எடுக்கப் பார்ப்பார், எங்க அப்பாரு விடமாட்டார். தரகர் பிடித்த அதே விரல்களைத் தானும் ஒருக்கா அழுத்திப் பிடிப்பார். துண்டு அசைவதை வைத்தே எனக்குத் தெரியும். தரகர் தலையை ஆட்டினால்தான் கை வெளியே வரும். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன், மாட்டு வியாபாரத்தில் ஒரு தடவைகூட "நான் சொன்னது வேற, நீ கேட்டது வேற" என்ற சண்டை அவருக்கு வந்ததில்லை.

ஆகவே கண்ணு, யாராவது உன்னிடம் ஒரு வேலையைச் சொன்னால், "நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு ஒருக்கா சொல்லிப் பாக்கறனுங்க" என்று ஆரம்பித்துச் சொல்லிப் பார். இதில் மரியாதைக்கு என்ன குறை? நீ வேலை சொல்லும்போது ‘புரிஞ்சுதுங்களா’ என்று மட்டும் கேட்காதே. அதற்கு ஒரே பதில்தான் வரும், அது என்ன என்று உனக்குத் தெரியும். டையிங்கில், அதாவது சாயப்பட்டறையில், "நாளைக்கு ஆயிருங்க" என்றால், "இப்ப துணி எங்க இருக்குதுங்க, சாயம் முடிஞ்சு காம்பாக்டிங் போயிருச்சா?" என்று கேள். "காலையில எத்தனை ரோல் வருமுங்க?" என்று கேள். சரிங்க என்று பதில் சொல்ல முடியாத கேள்வியாக இருக்கட்டும். போனில் பேசியதை ஸ்டைல் நம்பர், கலர், பீஸ், தேதி போட்டு வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்பு. வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், சத்தத்துக்கு நடுவில் யாரும் முழுசாகக் கேட்பதில்லை. ஒடியாவோ ஹிந்தியோ பேசும் டெய்லரிடம், பையர் ஒப்புக்கொண்ட அப்ரூவல் சாம்பிளை மேஜையில் வைத்து, சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டு.

சாயத்தின் ஷேடு தப்பிப் போய் நாள் தள்ளும் என்று தெரிந்தால், தெரிந்த அன்றைக்கே பையருக்கு எழுதிவிடு. முதல் வரியில் புதுத் தேதி, காரணமெல்லாம் அதற்கு அப்புறம். இரண்டு வாரம் முன்னால் சொன்னால் பாதியை இப்போது அனுப்பு, மீதியை அடுத்த கப்பலில் போடு என்பார்கள். தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் கிளம்ப வேண்டிய அன்றைக்குச் சொன்னால், உங்கள் செலவில் விமானத்தில் அனுப்பு என்பார்கள். சரக்கு அதே சரக்குதான்.

இதையெல்லாம் நான் எழுதி என்ன, நீயே ஞாயிற்றுக்கிழமை செய்து காட்டிவிட்டாய். அந்த வரன் விஷயத்தில் உங்கப்பன் கேட்டபோது ‘சரிங்க’ என்று சொல்லிவிட்டு, மொட்டைமாடியிலிருந்து போனில் என்னிடம்தான் அழுதாய். திண்ணையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து, "நான் அன்னைக்குச் சரிங்கன்னு சொன்னது சம்மதம்னு இல்லீங்கப்பா. நீங்க சொன்னதைக் கேட்டுக்கிட்டேன்னு சொன்னனுங்க. இன்னும் ரெண்டு வருசம் வேலைக்குப் போறனுங்க" என்றபோது உன் குரல் நடுங்கியது. ஆனால் முழுசாகச் சொல்லி முடித்தாய். அவன் வெகுநேரம் வாசல் வேம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "ரெண்டு வருசம் வேலைக்குப் போகோணும், அதுவரைக்கும் இந்தப் பேச்சு வேண்டாம். அப்படித்தான கண்ணு?" என்று கேட்டான். நீ தலையாட்டினாய். அவன் எழுந்து, அந்த வரன் வீட்டுக்காரங்களுக்குப் போன் பண்ண உள்ளே போனான்.

அன்புடன்,
பெரியப்பா