ஆறாவது அறிவு எங்கே இருக்கிறது?

வெள்ளவத்தை,
கொழும்பு 06

அன்பின் ரவி,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம், பின்னேரமானால் மழைதான்.

வகுப்பில் மனிதன் பகுத்தறிவுள்ள விலங்கு என்று எழுதிப்போட்டால், விலங்கின்மேல் பகுத்தறிவைத் தூக்கி வைத்தாற்போல் பிள்ளைகள் விளங்கிக்கொள்கிறார்கள் என்கிறாய். பெரிய மெய்யியலாளர்களே சறுக்கிய இடம் அது. தொல்காப்பிய மரபியலும் புல்லுக்கு ஓர் அறிவு, எறும்புக்கு மூன்று, நண்டுக்கு நான்கு, மனிதனுக்கு மனத்தோடு ஆறு என்று கூட்டிக்கொண்டுதான் போகிறது. வகைப்படுத்த அது போதும். மனிதன் ஆன விதமே அதுதான் என்று எடுத்தால் சிக்கல்: கீழ்மாடியில் பசி, மேல்மாடியில் அறிவு என்றால், மேலே சொல்வது கீழே எப்படிக் கேட்கும்?

அரிஸ்டோட்டில் 'ஆன்மா பற்றி' நூலின் இரண்டாம் பாகத்தில், 3ஆம் அத்தியாயத்தில், வேறு வழி காட்டுகிறார். கரும்பலகையில் நாற்கோணம் கீறு. பிறகு மூலைவிட்டம் போடு. இரண்டு முக்கோணம் வரும். கோடு போடும்வரை அவை தனியாக அங்கே இல்லை, வரக்கூடியவையாக மட்டுமே இருந்தன. உண்டு வளரும் ஆற்றல் புலனுணர்வுக்குள் அப்படித்தான் அடங்கியிருக்கிறது என்கிறார். அதைப் பகுத்தறிவு வரைக்கும் நீட்டவேண்டும், பசியும் புலனுணர்வும் பகுத்தறிவுக்குள் அப்படியே அடங்கியிருக்கின்றன என்பது என் கட்சி.

வெள்ளி விரதக்காரர் ஒருவர் காலி வீதியில் கொத்துரொட்டிக் கடையைக் கடக்கிறார். வாயூறுகிறது. தெருநாய்க்கும் ஊறும். ஆனால் அவருடைய பசி, 'இன்றைக்குச் சாப்பிடலாமா' என்ற கேள்வியோடுதான் வருகிறது. சாப்பிட்டுவிட்டால் விரதத்தை முறித்தவர் ஆகிறார். நாய் எதையும் முறிப்பதில்லை. பகுத்தறிவு பசியை அடக்குவதற்கு முன்பே அதன் தன்மையை மாற்றிவிட்டது.

அதற்காக நாயை மட்டம் தட்டவும் விடாதே. பண்டைய கிரேக்க மெய்யியலாளர் கிரிசிப்பஸ் சொன்ன வேட்டைநாய், இரை போயிருக்கக்கூடிய மூன்று வழிகளில் இரண்டை முகர்ந்துவிட்டு, மூன்றாவதில் முகராமலே ஓடியது. 'இது அல்லது அது; இது இல்லை; ஆகவே அது' என்ற நியாயம் என்று உன் பிள்ளைகள் உடனே பிடிப்பார்கள். பிறகு இதைக் கேள்: மூன்றாவதிலும் இரை இல்லையென்றால், தன் எடுகூற்று, அதாவது 'இந்த மூன்றில் ஒன்றில்தான் போயிருக்கும்' என்று தொடங்கிய கூற்று, பிழையோ என்று நாய் யோசிக்குமா? ஒரு பாடவேளை அதற்கே சரி.

இன்னும் பகுத்தறியாத கைக்குழந்தையும் பகுத்தறிவுள்ள விலங்குதானா என்ற கேள்வியைக் கடைசியில் வை. முதலில் வைத்தால், மேல்மாடி இன்னும் கட்டாத வீடு அது என்று பழைய இடத்துக்கே போய்விடுவார்கள். அதற்கு மெய்யியலாளர் அலஸ்டயர் மக்கின்டயர் 1999இல் எழுதிய நூல் உதவும்: குழந்தைப் பருவத்திலும் நோயிலும் முதுமையிலும் பிறரில் தங்கியிருக்கும் விலங்காக இருப்பதால்தான், பிறரோடு சேர்ந்து காரணம் கேட்கவும் சொல்லவும் பழகுகிறோம் என்பது அவர் வாதம். டொல்பின்களைப் பற்றியும் அதில் விரிவாகப் பேசுகிறார்.

எடுகூற்றுக் கேள்விக்குப் பிள்ளைகள் சொல்வதை அப்படியே எழுதி அனுப்பு.

அன்புடன்,
கண்ணன்