படகு வாங்கும் முன்

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அழகான படகுதான். சவுத்தாம்ப்டனில் குடியிருந்துகொண்டு இந்த ஆசை வராமல் இருக்குமா? தாராளமாக வாங்குங்கள். ஆனால் படகைச் சோதித்துக் குறைகளைச் சொல்லும் சர்வேயர் ஒருவரை நீங்களே அமர்த்தி, அவர் பார்த்துச் சொல்லும்வரை முன்பணத்துக்கு மேல் ஒரு பவுண்டுகூடக் கொடுக்காதே. அந்த முன்பணமும், சர்வேயில் பெரிய குறை வந்தால் திரும்பக் கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.

விற்பவர் பழைய சர்வே ரிப்போர்ட் தருகிறார் என்றாய். வாங்கி வாசி, அவ்வளவுதான். அது வேறொருவருக்காக எழுதியது. அதில் தப்பிருந்தால் உனக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. புரோக்கர் கைகாட்டும் ஆளும் வேண்டாம். ஒய்டிஎஸ்ஏ, ஐஐஎம்எஸ் என்ற படகு சர்வேயர் அமைப்புகளின் உறுப்பினர் பட்டியலில் நீயே தேடு.

கப்பலில் என்ஜின் அறையிலேயே காலம் கழித்தவன் நான். ஆனாலும் எனக்கு முதல் கவலை என்ஜின் இல்லை, படகு சாயாமல் இருக்க அடியில் பொருத்தியிருக்கும் கனமான கீல்தான். 2014 மே மாதம் சீக்கி ரஃபிகி என்ற பாய்மரப் படகு ஆன்டிகுவாவிலிருந்து உங்கள் ஊருக்குத் திரும்பும்போது நடு அட்லான்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்தது. நான்கு பேர் போய்விட்டார்கள். அரதப் பழசும் இல்லை, 2006இல் கட்டிய படகு. முன்பு தரை தட்டியதும், பிறகு செய்த பழுதுபார்ப்புகளும் அடிப்பகுதியின் பிடிப்பைத் தளர்த்தியிருக்கலாம் என்று பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை சொன்னது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே அந்தப் பிடிப்பு விட்டுப்போகலாம் அம்மா. அதனால் "எப்போதாவது தரை தட்டியதா, யார் சரிசெய்தார்கள்?" என்று நேராகக் கேள். பதிலை எழுத்தில் வாங்கு.

படகைத் தண்ணீரிலிருந்து தூக்கித்தான் பார்க்க வேண்டும். கிரேன் செலவு உன் தலையில்தான் விழும், பரவாயில்லை. சர்வேயர் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். நீயும் கூடவே நட. நல்ல இடம் கணீரென்று கேட்கும், நீர் புகுந்து உளுத்த இடம் மந்தமாகக் கேட்கும். மேல்தளத்தில் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா மரம் வைத்திருந்தால் போல்ட் துளைகளைச் சுற்றி நிதானமாகத் தட்டச் சொல். அடியில் உள்ள வால்வுகள் பித்தளையா என்றும் கேள். உப்புத் தண்ணீரில் துத்தநாகம் கரைந்துபோன பித்தளை இளஞ்சிவப்பாக மாறி, ஒருநாள் கையோடு உடைந்து வரும்.

என்ஜினுக்குத் தனியாக ஒரு டீசல் மெக்கானிக்கை வைத்துக்கொள். படகு சர்வேயர் பெரும்பாலும் அதை மேலோட்டமாகத்தான் பார்ப்பார். போனதும் என்ஜினில் கை வைத்துப் பார். ஏற்கெனவே சூடாக இருந்தால், ஆறிய நிலையில் ஸ்டார்ட் ஆகாத குறையை மறைக்க முன்பே ஓட்டியிருக்கலாம். ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லி, ஆறும்வரை காத்திரு.

ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்பு. பாய், கயிறு, வால்வு பற்றிய குறை என்றால் அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசு. கீல் பக்கம் சந்தேகம் என்று ஒரு வரி இருந்தாலும் மாப்பிள்ளையிடம் சொல்லி அந்தப் படகை விட்டுவிடுங்கள். சர்வேக்குக் கொடுத்த காசு போகட்டும், வேறு படகு பார்க்கலாம்.

அன்புடன்,
அப்பா