வலம்புரி என்று எதை விற்கிறீர்கள்?

மும்பையில் பூஜைப் பொருள் வியாபாரம் செய்யும் பெரியோர்களுக்கு வணக்கம்.

தாராவியில் இட்லி விற்கும் அம்மா ஒருவர், மகள் கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் வைத்துக் கும்பிட, சீட்டு எடுத்த பணத்தில் ஒரு வலம்புரிச் சங்கு வாங்கியிருக்கிறார். வாங்கியது உங்களில் ஒருவரிடம்தான். அது நம் கடல் சங்கே இல்லை. மெக்சிகோ வளைகுடாவிலும் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் வாழும் லைட்னிங் வெல்க் என்ற நத்தையின் ஓடு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் தன் அடையாளமாக அறிவித்திருக்கும் ஓடு அது.

எந்த உயிரின் ஓடு என்பதைப் பில்லில் எழுதிக் கொடுங்கள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

மூக்கை, அதாவது சுருள் நுனிக்கு எதிர்ப்புறம் நீண்டிருக்கும் முனையை, மேலே வைத்து, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், சாதாரணச் சங்கின் வாய் இடப்பக்கம் இருக்கும், வலம்புரிக்கு வலப்பக்கம். நம் சங்கில் அது அபூர்வப் பிறவி. இந்த வெல்க்குக்கோ அதுதான் இயல்பு. அதனால் வாய் இருக்கும் பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. உள்ளே டார்ச் அடித்து நடுத்தண்டைப் பார்க்க வேண்டும். நம் சங்கில் மூன்று நான்கு தடித்த மடிப்புகள் வரப்பு மாதிரி ஓடும், விரலில் தட்டும். வெல்க்கில் அந்த வரப்புகள் கிடையாது. தோளில் உள்ள முண்டுகளையும் பழுப்புக் கோடுகளையும் சாணை பிடித்து, பாலிஷ் போட்டு வெளுப்பாக்கிவிட்டால் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?

காதில் வைத்தால் ஓங்காரம் கேட்கிறது என்கிறீர்கள். குழிவான எந்த ஓட்டிலும் கேட்கும். அந்த அம்மாவுக்குக் கொடுத்த சான்றிதழில் 'இயற்கையான ஓடு, வலச்சுற்று' என்று இருக்கிறது. இரண்டும் உண்மைதான். எதன் ஓடு என்ற ஒரு வரியைத்தான் காணோம்.

வெல்க்கும் மட்டமான உயிர் இல்லை. தன் ஓட்டின் விளிம்பை ஆப்பு மாதிரி மட்டிச் சிப்பியின் வாயில் செருகி, திறந்து தின்று பிழைக்கிறது. அதை அதன் பெயரிலேயே, அதற்குரிய விலைக்கு விற்றால் யாருக்கும் வருத்தமில்லை. ருத்ராட்சத்திலும் ஸ்படிகத்திலும் இதே கதைதான். சாமி காரியம் என்று வருகிறவர் குடைந்து கேள்வி கேட்க மாட்டார் என்று தெரிந்தே செய்கிறீர்கள். அதைத்தான் எங்களால் பொறுக்க முடியவில்லை.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் ஒரு டார்ச் வையுங்கள். வாங்குகிறவரே உள்ளே பார்க்கட்டும். பில்லில் 'சங்கு' அல்லது 'வெல்க்' என்று தெளிவாக எழுதுங்கள். விற்றவர் யாரென்று உங்களுக்குள் தெரிந்திருக்கும். ஓட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள், தயவுசெய்து. தை மாதம் கல்யாணம்.