பிரேக் பைப்பை மாற்றாமல் மலை இறங்காதே, கண்ணு

தர்மபுரி

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லீஃப் ஸ்பிரிங்கிலும் அடிச்சட்டமான சேசிஸிலும் இருப்பது மேல்துரு; தேய்த்து பிரைமர் அடித்தால் போதும். என் கவலை மூன்றாவது படம்தான். சேசிஸை ஒட்டிப் பின்னால் போகும் மெல்லிய பைப், கிளிப் பிடித்த இடத்தில் செதில் செதிலாக உப்பியிருக்கிறதே, அது பிரேக் பைப்; நீ மிதிக்கும் அழுத்தத்தை பிரேக் ஆயில் வழியாகச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் குழாய். அதை மாற்றும்வரை அஞ்செட்டி மலைப்பாதைக்கு ஜீப்பை எடுக்காதே.

கடற்காற்றே இல்லாத நம் பக்கம் இப்படி அரிக்குமா என்று கேட்டிருந்தாய். நீ ஏற்றும் பொட்டாஷ் உர மூட்டை பொட்டாசியம் குளோரைடு. கடலுப்பு மாதிரியே இரும்பைத் தின்னும். சிந்தியது சேற்றோடு கிளிப்புக்குள் அடைந்து, ஈரம் காயாமல் கிடக்கும். வண்டி மாட்டுக்கொட்டகை ஓரம் நிற்பதும் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் மற்ற இடமெல்லாம் நன்றாக இருந்தும் கிளிப்புக்கு அடியில் பொத்துக்கொள்கிறது.

கிளிப்பைக் கழற்றி கம்பி பிரஷால் மெதுவாகத் தேய்த்துப் பார். பழுப்புப் பொடி உதிர்ந்து வழவழப்பாக இரும்பு தெரிந்தால் பயமில்லை. குழி விழுந்திருந்தாலோ, துரு ஏடாகப் பெயர்ந்தாலோ, ஈரம் கசிந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். சமவெளியில் லேசாக மிதிக்கும்போது தாங்கிவிடும். இறக்கத்தில் அழுத்தி மிதிக்கும்போதுதான் வெடிக்கும். உன்னுடையது ஒற்றை சர்க்கியூட் பழைய ஜீப், நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழிதான். ஓரிடத்தில் பொத்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும்.

கடைக்குப் போகும்போது பழைய பைப்பையே கையில் கொண்டு போ. வளைவோடு சேர்த்து நூல் பிடித்து நீளம் எடு. நட்டின் மரை, பைப்பின் தடிமன், முனையின் ஃப்ளேர் (விரித்த வாய்) மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இரட்டை மடிப்பு ஃப்ளேர் இருந்த இடத்தில் குமிழ் ஃப்ளேர் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும். வெறும் செம்புக் குழாய் கொடுத்தால் வாங்காதே. அதிர்வில் இறுகி வெடித்துவிடும். கெட்டுப்போன துண்டை மட்டும் வெட்டி ஜாயின்ட் போடலாம் என்பார்கள், அதற்கும் சம்மதிக்காதே.

கழற்றும் வேலைக்கு ஒருநாள் முன்பே நட்டுகளில் துருநீக்கி எண்ணெய் விட்டு வை. சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை கொடு, ஸ்டாண்டு போடு; வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதே. சாதாரண ஓப்பன் ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும். நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனர்தான் வேண்டும். ரப்பர் ஹோஸ் சேரும் இடத்தில் ஹோஸின் நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள், இல்லாவிட்டால் ஹோஸ் முறுக்கிக்கொள்ளும். திறந்த முனையை உடனே ரப்பர் மூடியால் அடை. பிரேக் ஆயில் வண்டியின் பெயின்ட்டில் பட்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவு.

புதிய பைப்பை உருண்டையான எதையாவது வைத்து வளை, மடங்கக் கூடாது. இரண்டு முனை நட்டையும் முதலில் விரலாலேயே மூன்று சுற்று ஏற்று. விரலுக்கு ஏறாவிட்டால் மரை மாறியிருக்கிறது என்று அர்த்தம். பிறகு ரப்பர் வைத்த கிளிப்பைப் போடு. சைலன்சரிலும் ஸ்பிரிங்கிலும் உரசக் கூடாது.

பைப்புக்குள் புகுந்த காற்றை எடுக்கும்போது பின் இடது சக்கரத்தில் தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வா. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, நீ சக்கரத்தின் பின்பக்கம் இருக்கும் காற்று எடுக்கும் திருகான நிப்பிளைக் கால் சுற்று திற. குமிழி வந்ததும் மூடு, அதற்குப் பிறகே காலை எடுக்கச் சொல். வண்டியின் பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் வற்றவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான். பிரேக் ஆயிலின் தரம் டாட் 3 அல்லது டாட் 4, வண்டி டப்பாவின் மூடியில் எழுதியிருப்பதைப் பார். சீல் உடைக்காத புது டப்பா வாங்கு.

முடித்ததும் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு நட்டையும் காகிதத்தால் ஒற்றிப் பார். பெடல் மெல்ல இறங்கினாலோ காகிதம் நனைந்தாலோ வண்டி தோட்டத்தைத் தாண்டக் கூடாது.

துருவுக்கு என்று அடியில் பழைய இன்ஜின் ஆயில் அடிப்பார்கள்; அது பிரேக் ஹோஸின் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும், வேண்டாம். பொட்டாஷ் இறக்கிய அன்றே அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சிவிடு. நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுபடி பார்த்து, கிளிப் இருக்கும் இடங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா