வாக்ஸால்ல ஒரு சனிக்கிழமை ராத்திரி

ஆசிரியருக்கு வணக்கம். போன சனிக்கிழமை லண்டன்ல தன்பாலின ஈர்ப்பாளர்கள் கூடற ராயல் வாக்ஸால் டேவர்ன் பப்ல டிராக் ஸ்டாண்ட்-அப் (பெரும்பாலும் ஆம்பளைங்க பொம்பள வேஷம் கட்டி மேடைல பண்ற காமெடி) பாத்தேன், ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் கூப்ட்டாங்களேன்னு போனதுதான், வயிறு வலிக்க சிரிச்சுட்டு வந்தேன். பாதி ஷோல வேர்வைல காமெடி பண்ணவங்களோட ஒட்டு இமைமுடி ஒண்ணு கழண்டு கன்னத்துல தொங்குது, அவங்க அசரவே இல்ல, பிச்சு மைக் மேல ஒட்டிட்டு அதுகிட்டயே பேச ஆரம்பிச்சுட்டாங்க, என்ன டைமிங் சார் அது!

அப்பறம் லில்லி சாவேஜ் பத்தி சொன்னாங்க. பால் ஓ'கிரேடி அந்த வேஷத்துல இதே பப்ல வருஷக்கணக்கா காமெடி பண்ணவர், 2023ல இறந்துட்டார். 1987ல எய்ட்ஸ் பயத்துல போலீஸ் ரப்பர் கிளவுஸ் மாட்டிக்கிட்டு ரெய்டுக்கு வந்தப்ப, பாத்திரம் கழுவ ஆள் வந்தாச்சுன்னு மேடையிலயே கலாய்ச்சாராம். மொதல்ல சிரிச்சோம், அப்பறம் ஹாலே கப்சிப்னு ஆயிடுச்சு, எனக்கு தொண்டை அடைச்சுது.

2015ல இந்தக் கட்டடத்த பாரம்பரியச் சின்னமா அறிவிச்சிருக்காங்க. ஆனா நம்ம பேப்பர்ல டிராக்னா சண்டை நியூஸ் மட்டும்தான் வருது, ஒரு தடவையாவது ஷோவ பாத்துட்டு காமெடிய காமெடியா விமர்சனம் எழுதுங்க, ப்ளீஸ்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, லண்டன்