சிமெண்ட் நெயிலில் கை வைத்த எல்லோருக்கும் நன்றிங்க

கால் எலும்பில் சீழ் பிடித்தவர்களுக்கு நாங்கள் வைக்கும் ஆன்டிபயாடிக் சிமெண்ட் நெயில் என்பது எலும்பின் உள்குழலில் செருகும் கம்பி; அதைச் சுற்றி ஆன்டிபயாடிக் கலந்த எலும்புச் சிமெண்டை ஆபரேஷன் தியேட்டரிலேயே பிசைந்து வார்க்கிறோம். அதில் பங்கெடுத்தவர்களுக்கு, கோவையிலிருந்து எங்கள் எலும்பு அறுவைக் குழு எழுதும் மடல் இது.

முதலில் மருந்தகத்துக்கு. 40 கிராம் சிமெண்ட் தூளுக்கு 2 முதல் 4 கிராம் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் தூள் சேர்க்கிறோம். இன்னொரு ஆன்டிபயாடிக்கான ஜென்டாமைசினை ஊசி மருந்தாக ஊற்றினால் அந்தத் தண்ணீரே சிமெண்டின் பலத்தைக் குறைக்கும். அதனால்தான் ஜென்டாமைசின் கலந்தே வரும் சிமெண்டைத் தீராமல் இருப்பு வைத்தீர்கள். இறுகும்போது சிமெண்ட் நன்றாகச் சூடேறும். அந்தச் சூட்டைத் தாங்காத மருந்தை "இதுவும் ஆன்டிபயாடிக்தானே" என்று மாற்றித் தராததற்கும் சேர்த்தே நன்றி.

தியேட்டர் சிஸ்டர்களே, வான்கோமைசினைக் கட்டியில்லாமல் நுணுக்குகிறீர்கள், நெயிலுக்கு அச்சாக வைக்கும் நெஞ்சுக்குழாய்க்குள் சிமெண்ட் ஒட்டாமலிருக்க ஸ்டெரைல் லிக்விட் பாரஃபின் எண்ணெய் தடவுகிறீர்கள், சிமெண்ட் ஓடும் பதத்திலேயே நிரப்பித் தருகிறீர்கள். பாரஃபின் விட்டுப்போனால் குழாயை உரிக்க முடியாது. நிரப்பப் பிந்தினால் நடுவில் காற்று நிற்கும், பிறகு அங்கேதான் உடையும்.

கணபதி லேத் பட்டறை அண்ணன்களுக்குத் தனியாகவே சொல்லணும். மருந்து முதல் சில நாட்களில்தான் அதிகம் கசியும். அப்புறம் சிமெண்டே கிருமி ஒட்டும் இடமாகிவிடும் என்பதால் ஆறு முதல் எட்டு வாரத்தில் நெயிலை உருவுகிறோம். கம்பி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்தப் பக்கம் சிமெண்ட் மெலிந்து, உருவும்போது பெயர்ந்து எலும்புக்குள்ளேயே தங்கிவிடும். அதைத் தோண்டி எடுப்பது பெரும்பாடு. நீங்கள் கடைந்து தந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிடிப்பான் கம்பியை நட்டநடுவில் நிறுத்துகிறது. கையுறையைக் கிழிக்கிற பிசிறு ஒன்றுகூட இல்லை. நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 134 டிகிரியையும் தாங்குகிறது. வழவழப்பான கம்பியைவிட மரை போட்ட கம்பியில்தான் சிமெண்ட் பிடிக்கும் என்று நீங்கள் சொன்னதும் சரிதானுங்க.

ஆய்வகத்தார் ஐந்து இடத்துத் திசுவைத் தனித்தனிப் புட்டியில் வாங்கி, எந்தக் கிருமி என்று பார்க்க வளர்க்கும் கல்ச்சரை 14 நாள் வரை கொட்டாமல் வைத்திருந்தார்கள். சூடோமோனாஸ் என்ற கிருமி வளர்ந்தால் வான்கோமைசின் மட்டும் போதாது என்று உடனே தெரிகிறது. மாதிரி எடுக்கும் முன் இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் மாத்திரையை நிறுத்தச் சொன்னபோது பயத்தோடும் பொறுத்துக்கொண்ட குடும்பத்தாருக்கும் எங்கள் வணக்கம்.

பட்டறை அண்ணா, தொடை எலும்புக்கு நீளமான பிடிப்பான் ஒன்று வேணுங்க. அளவை வரைந்து அனுப்புகிறோம்.